ஒரு வாளி நீர் காட்டும் உண்மை

வீட்டில் விளக்கு எரியாவிட்டால் அயலாரிடம் சொல்கிறோம். அடுப்புப் புகைந்தால் உரக்கவே குறை கூறுகிறோம். மலசலகூடத்தில் நீர் இறங்க மறுத்துவிட்டாலோ வீடு முழுவதும் மௌனமாகிவிடுகிறது. விருந்தினர் யாரேனும் வந்துவிடுவார்களோ என்று இல்லத்தரசி அஞ்சுகிறாள். பாடசாலை செல்லும் பெண்பிள்ளை தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். வயது முதிர்ந்தவர் இரவில் தடியூன்றித் தேயிலைச் செடிகளுக்கிடையே இறங்கிச் செல்கிறார். பழுதை நீக்குவது யார் பொறுப்பு என்னும் கேள்வியோ நாட்கணக்கில் விடையின்றிக் கிடக்கிறது.

இத்தகைய மௌனத்துக்குக் காரணமில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. பழுது மூன்று இடங்களுள் ஒன்றிலேதான் இருத்தல் கூடும்: நீர் வந்து சேரும் மேற்பகுதி, கோப்பையின் அடியிலுள்ள வளைவு, கழிவு சென்றடையும் குழி. எவ்விடம் என்பதை ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். அறிந்தபின், பெரும்பாலான சிறு பழுதுகளை வீட்டாரே நீக்கிக்கொள்ளலாம். எஞ்சியவற்றை எவரிடம் கேட்பது என்பதும் தெளிவாகிவிடும்.

இரு பருவங்கள், இரு பழுதுகள்

பதுளைப் பட்டினத்திலும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலும் வாழ்வோர் இவ்விடயத்தில் முதலில் நோக்கவேண்டியது நாட்காட்டியை. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளிலே கொட்டிவிட்டு, மத்திய மலைத்தொடரைக் கடந்து இப்பக்கம் இறங்கும்போது உலர்ந்த கச்சான் காற்றாக வீசுகின்றது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே பெயர் வாங்கித் தரும் தனி மணத்துக்குக் காரணம் இந்தக் காற்றே. கொழுந்துக்கு மணத்தைத் தரும் அதே காற்று ஊற்றை வற்றச் செய்கிறது. பீலியில் விழும் நீர் நூலாக மெலிகிறது. அக்காலத்தில் மலசலகூடம் செயற்படாவிட்டால், நீர் போதாமையையே முதலில் ஐயுறவேண்டும்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நிலைமை முற்றிலும் மாறுகின்றது. இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவ மழையும் இம்மாவட்டத்தை நனைத்து, மண்ணை நீரால் நிரப்பிவிடுகின்றன. குழியிலுள்ள நீர் ஊறிச் செல்ல இடமின்றித் தங்கிவிடுகிறது. அப்போது வாளி வாளியாக ஊற்றினாலும் கோப்பையில் நீர் உயருமேயன்றி இறங்காது. கச்சான் காலத்துப் பழுது பெரும்பாலும் மேலே. மாரிகாலத்துப் பழுது பெரும்பாலும் கீழே. இந்த ஒரு விதியை மனத்திற் கொண்டால் வீண் அலைச்சல் பாதி குறையும்.

முதற் பரீட்சை

ஒரு வாளியில் ஏழெட்டு லீற்றர் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பளவு உயரத்திலிருந்து, சிந்தாமல், ஒரே வீச்சில் கோப்பையினுள் ஊற்றுங்கள். அருகிலேயே நின்று நீரின் போக்கைக் கவனியுங்கள்.

நீர் சடுதியில் இறங்கி, கோப்பை சுத்தமாகி, அடியில் சிறிது நீர் மட்டும் தங்கினால், வளைவும் குழியும் நலமாயுள்ளன. பழுது மேலேயுள்ள நீர்ப்பெட்டியில். நீர் விளிம்புவரை உயர்ந்து, பின் மெல்ல மெல்ல இறங்கினால், வளைவில் அடைப்பு. நீர் உயர்ந்து நிற்பதோடு ‘குளுகுளு’ என்று குமிழ் கிளம்பி, குளியலறை வாயிலிலும் துர்நாற்றம் எழுந்தால், பழுது குழியிலோ அதற்குச் செல்லும் குழாயிலோ உள்ளது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதற்கு நிகரான பரீட்சை இது. நீர் உயர்ந்தால் இரண்டாவது வாளியை ஊற்றாதீர்கள். அறையெங்கும் கழிவு பெருகிவிடும்.

மேலே: நீர் வரும் வழி

நீர்ப்பெட்டியின் மூடியைத் திறந்து பார்க்கத் தயங்கவேண்டியதில்லை. அதனுள் இருப்பது தூய நீரே. அங்கே ஒரு மிதவைப் பந்து, அதன் கைப்பிடி, நீரை உள்ளே விடும் சிறு வாயில், அடியில் ஒரு றப்பர் மூடி அல்லது சைபன் குழாய் ஆகியவை காணப்படும். நீர் நிரம்ப மிதவை உயர்ந்து வாயிலை மூடும். கைப்பிடியை இழுத்தால் அடிமூடி திறந்து நீர் முழுவதும் ஒருமிக்கப் பாயும். இவ்வளவுதான் அதன் இரகசியம்.

பெட்டி வெறுமையாயிருந்தால் சுவரிலுள்ள திருகு மூடப்பட்டிருக்கலாம். அல்லது நுழைவாயிலில் மணலும் பாசியும் அடைத்திருக்கலாம். திருகை மூடிவிட்டு, வாயிலைக் கழற்றிப் பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும். பெட்டி அரைவாசி மட்டும் நிரம்பினால், மிதவையின் கைப்பிடி தாழ்ந்திருக்கும். அதனைச் சிறிது உயர்த்திவிடுதல் வேண்டும். நீர் ஓயாது கோப்பையில் கசிந்துகொண்டிருந்தால், அடியிலுள்ள றப்பர் மூடி தேய்ந்திருக்கும் அல்லது அதன் மேல் அழுக்குப் படிந்திருக்கும். கைப்பிடி இழுபட்டும் நீர் பாயாவிட்டால், உள்ளேயுள்ள சங்கிலி அறுந்திருக்கும். புதிய றப்பரும் சங்கிலியும் பட்டினத்து இரும்புக்கடைகளில் கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுசென்றால் அளவு பிழைக்காது.

மலைநாட்டுக்கேயுரிய இடர்கள் இரண்டு உண்டு. முதலாவது, குழாயினுள் காற்று அடைபடுதல். ஊற்றிலிருந்து மேடுபள்ளங்களினூடாக இழுத்துவரும் குழாயில், மேடான வளைவுகளிலே காற்றுத் தங்கிவிடும். ஊற்றில் நீர் நிறைந்திருந்தும் வீட்டில் ஒரு துளி வராமைக்குக் காரணம் பல வேளைகளில் இதுவே. மேடான இடத்திலுள்ள இணைப்பைச் சிறிது தளர்த்தினால், சீறலுடன் காற்று வெளியேறி நீர் தொடரும். இரண்டாவது, மிகையான அழுத்தம். ஒவ்வொரு 10 மீற்றர் இறக்கத்துக்கும் குழாய்நீரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. ஐம்பது அறுபது மீற்றர் உயரத்திலுள்ள ஊற்றிலிருந்து நேரே நீர் கொண்டுவந்தால், மிதவை வாயில் அந்தப் பலத்தைத் தாங்காது விரைவிலே பழுதடையும். இடையில் ஒரு தொட்டி கட்டி, அதில் நீர் விழுந்து மீண்டும் புறப்படச் செய்தால் அழுத்தம் தணியும்.

ஊற்றே வற்றிவிட்டால் வீட்டார் என் செய்வர்? உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தினுள் 2014 டிசெம்பரிலும் அதன் பின்னரும் நிலத்தடி நீர் பெருக்கெடுத்து நுழைந்ததையடுத்து, பண்டாரவளைப் பிரதேசத்தில் பல கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றிப்போயின. அத்தகைய நேரத்தில் சிக்கனமே துணை. பழைய பிரித்தானிய வகை நீர்ப்பெட்டி ஒருமுறைக்கு 9 லீற்றரை, அதாவது இரண்டு கலனை, இறைத்துவிடும். ஐவருள்ள வீட்டில் ஒருவர் நாளொன்றுக்கு நான்கு முறை எனக் கணக்கிட்டால் 180 லீற்றராகும். சரிவான கோப்பையில் கையால் ஊற்றினால் இரண்டு மூன்று லீற்றரே போதும். அறுபது லீற்றருக்குள் நாள் கழிந்துவிடும். துணி அலசிய நீரை வீணாக்காது ஒரு வாளியில் சேர்த்து வைத்தாலோ, பீலியிலிருந்து சுமக்கும் குடங்கள் இன்னும் குறையும்.

நடுவே: ஒரு கைபடி நீரின் காவல்

கோப்பையின் அடியில் எப்போதும் சிறிது நீர் தங்கியிருப்பதைக் காண்கிறோம். அது எஞ்சிய நீரன்று, காவல் நீர். குழியிலிருந்து வரும் நச்சுக்காற்றையும் ஈக்களையும் கரப்பான்களையும் அது தடுத்து நிற்கிறது. இங்கிலாந்தில் சேர் ஜோன் ஹரிங்டன் என்பார் நீர் பாய்ச்சும் மலசலகூடத்தை 1596 இல் விவரித்திருந்தும், அது வீடுகளுக்கு ஏற்றதாகவில்லை. நாற்றத்தைத் தடுக்க வழியில்லாமற் போயிற்று. அலெக்சாண்டர் கமிங் என்ற ஸ்கொத்லாந்துக் கடிகாரக்காரர் 1775 இல் குழாயைப் பாம்புபோல் வளைத்து, அந்த வளைவிலே நீரைத் தங்கச் செய்து, காப்புரிமையும் பெற்றார். இன்று உலகெங்குமுள்ள கோப்பைகள் அந்த எளிய வளைவையே நம்பியிருக்கின்றன.

காவலான வளைவே அடைப்புக்கும் இடமாகிறது. கந்தைத் துணி, மாதவிடாய்த் துணிகளும் அட்டைகளும், கடதாசி, சிறுவர் போடும் கற்கள், தண்ணீர்ப் பஞ்சத்தில் பயன்படுத்திய இலைகள் ஆகியவை அங்கே சிக்கிக்கொள்கின்றன. அறையின் மூலையில் மூடியுள்ள ஒரு வாளியை வைத்துவிட்டால், இவற்றில் பெரும்பகுதி கோப்பைக்குப் போகாது. வீட்டில் பெண்பிள்ளைகள் உள்ளவர்கள் இதனைக் கூச்சமின்றிச் செய்துவைப்பது நலம்.

அடைப்பை நீக்க, தடியின் நுனியில் றப்பர்க் கிண்ணம் பொருத்திய சாதனம் சிறந்தது. அது இல்லாவிட்டால், ஒரு தடியின் நுனியில் பழந்துணியைத் திரட்டிப் பந்துபோல் இறுகக் கட்டி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்ளலாம். கிண்ணம் அமிழும்வரை நீர் நிற்கவேண்டும். பின்னர் அதனை வாயில் நன்கு பொருந்த வைத்து, பதினைந்து இருபது முறை அழுத்தி இழுக்கவேண்டும். அழுத்துதல் அடைப்பை இறுக்கவும் கூடும். இழுத்தலே அதனைத் தளர்த்துகிறது. ஆதலால் மெல்ல அழுத்தி, விசையுடன் இழுப்பதே முறை. பலனில்லையெனில், வளையக்கூடிய மெல்லிய பிரம்பை உள்ளே செலுத்திச் சுழற்றிப் பார்க்கலாம்.

செய்யத்தகாதவை மூன்று. இரும்புக் கம்பியால் குத்தலாகாது. பீங்கான் வளைவு உடைந்தால் கோப்பையையே மாற்றவேண்டி வரும். கொதிநீரை ஊற்றலாகாது, பீங்கான் வெடித்துவிடும். அமிலத்தையும் வெளுக்கும் தூளையும் ஒன்றுசேர்க்கவே கூடாது; அவற்றின் கலப்பிலே குளோரின் வாயு பிறந்து, அடைத்த அறையில் நிற்பவரின் நுரையீரலைத் தாக்கும்.

கீழே: கண்ணுக்குத் தெரியாத அறை

வளைவும் நீர்ப்பெட்டியும் செம்மையாயிருந்தும் நீர் இறங்காவிடின், கழிவு செல்லும் இடத்தை நோக்கவேண்டும். செப்டிக் தாங்கியினுள் கனமான கழிவு அடியில் படிகிறது. எண்ணெய்ப் பசையுள்ள நுரை மேலே மிதக்கிறது. நடுவிலுள்ள நீர் ஊறுகுழிக்குச் சென்று மண்ணில் வடிகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் செரித்துக்கொண்டிருக்கும். அமிலத்தையும் கிருமிநாசினிகளையும் அளவுக்கு மீறி ஊற்றுவோர் இந்த வேலையாட்களையே கொன்றுவிடுகிறார்கள். படிவு தாங்கியின் மூன்றிலொரு பங்கை எட்டும்போது அதனை அகற்றுவித்தல் வேண்டும். வீட்டாரின் தொகையைப் பொறுத்து இதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் செல்லும்.

மாரிகாலத்தில் மட்டும் குழி நிரம்புமாயின், பழுது குழியிலன்று, மேற்சரிவிலிருந்து வழிந்து வரும் மழைநீரில் உள்ளது. தேயிலை மலையிலே கான் வெட்டி மழைநீரைத் திருப்பத் தெரிந்த மக்களுக்கு இதற்கான பரிகாரத்தைப் புதிதாகச் சொல்லித்தரவேண்டியதில்லை. குழிக்கு மேற்புறத்தில் பிறைபோல ஒரு கான் வெட்டி, கூரைநீரையும் மலைநீரையும் பக்கவாட்டில் கொண்டுசென்று விட்டால், அதே குழி மழையிலும் ஒழுங்காக வேலை செய்யும்.

குழிகள் ஊற்றுக்கும் கிணற்றுக்கும் மேற்சரிவில் அமைதல் ஆகாது. கீழ்ச்சரிவிலும் குறைந்தது ஐம்பது அடியேனும் இடைவெளி வேண்டும். நிரம்பிய குழியின் நீரை இரவோடிரவாகச் சரிவிலே திறந்துவிடுவோர், கீழ்லயத்துப் பீலிக்கு வயிற்றோட்டத்தையும் செங்கமாரியையும் அனுப்பிவைக்கிறார்கள். சரிவு நிலத்தை நீரால் ஊறச்செய்வதில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்த துயரை இம்மாவட்டம் மறக்கவில்லை. நிலத்தில் புதிய வெடிப்புகள் தோன்றினாலும், ஊற்று நீர் திடீரெனக் கலங்கினாலும், மலசலகூடப் பழுதை மறந்து முதலில் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுதலும் அதிகாரிகளுக்கு அறிவித்தலும் கடமையாகும்.

மேலான எச்சரிக்கை ஒன்று உண்டு. எவரும், எக்காரணம் கொண்டும், குழியினுள் இறங்கலாகாது. அங்கே தேங்கும் ஐதரசன் சல்பைட்டு வாயு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகும்போது மூக்கின் உணர்வையே கெடுத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணி இறங்குபவர் அடுத்த கணமே மயங்கி வீழ்வார். அவரை மீட்க இறங்குபவருக்கும் அதே கதிதான். உறிஞ்சும் பவுசர் வண்டி செய்யவேண்டிய வேலையை மனித உயிரைக்கொண்டு செய்விப்பது கொடுமை. இந்தியாவில் 2013 இல் இயற்றப்பட்ட சட்டம், பாதுகாப்புச் சாதனங்களின்றி ஒருவரைக் குழியில் இறக்குவதைக் குற்றமாக்கியது. அதன் பின்னரும் இத்தகைய மரணங்கள் அங்கே ஓயவில்லை.

பவுசர் வண்டி ஏறமுடியாத மலைப்பாதைகளுக்கு இரட்டைக்குழி முறை பொருந்தும். பீகாரில் 1970 இல் சுலப் இயக்கத்தைத் தொடங்கிய பிந்தேஸ்வர் பாடக் இம்முறையைப் பரப்பினார். ஒரு குழி நிரம்பியதும் கழிவை மற்றதற்குத் திருப்பிவிடுவார்கள். மூடிய குழி இரண்டு ஆண்டுகளில் நாற்றமற்ற எருவாகிவிடும். அதற்கேற்ற செங்குத்தான கோப்பைக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் நீரே போதுமென்பது கச்சான் காலத்தில் பேருதவி.

யாருடைய வேலை?

நாம் இன்றும் பேச்சில் வழங்கும் ‘கக்கூசு’ என்னும் சொல் ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. சொல் வந்த அளவுக்கு வசதி வரவில்லை. துரைமாரின் பங்களாவில் சங்கிலியை இழுத்தால் நீர் பாய்ந்த காலத்திலும் லயத்து மக்களுக்குக் காடும் தேயிலை மலையுமே கதியாயிருந்தன. கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே உடம்பில் ஏறி இரத்தத்தைக் குடித்தது. றொக்பெல்லர் தர்மஸ்தாபனத்தின் உதவியுடன் 1916 இல் இலங்கைத் தோட்டங்களிலே தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு முயற்சி, மருந்து மட்டும் போதாது, மலசலகூடமும் வேண்டும் என்பதை உணர்த்தியது. மருந்துண்டவர் மறுபடி அதே மண்ணை மிதித்தால் நோய் திரும்பிவிடும் அல்லவா?

பின்னர் பொது மலசலகூடங்கள் கட்டப்பட்டபோது, அவற்றைத் துப்புரவு செய்யும் பாரம் ‘வாசல்கூட்டி’ என்று அழைக்கப்பட்ட ஒருசிலரின் தோளில் ஏற்றப்பட்டது. வேலை தாழ்ந்தது என்று கருதி, அதைச் செய்தவரையும் தாழ்த்தினோம். பழுதடைந்த கோப்பையின் முன் நாம் காட்டும் தயக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 1927 நவம்பரில் பதுளைக்கு வந்த மகாத்மா காந்தி, அதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாக் காங்கிரஸ் மகாசபையில், மலசலகூடத்தைச் சுத்தம் செய்வது தோட்டியின் வேலையென்று தொண்டர்கள் ஒதுங்கியபோது, தாமே துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். அவரைப் போற்றும் நம் இல்லங்களில் இன்னும் எத்தனை பேர் துடைப்பத்தைக் கண்டு விலகுகிறோம்?

வீட்டார் செய்யவேண்டியதை வீட்டார் செய்தபின், எஞ்சியதைக் கேட்டுப் பெறுவதும் உரிமையே. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாகக் கருதப்பட்டு வந்தது. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது. ஆகவே குழி நிரம்பிய லயத்தார், “இது தோட்டத்து வேலை, சபைக்குச் சம்பந்தமில்லை” என்ற பதிலோடு திரும்பவேண்டியதில்லை. எத்தனை குடும்பங்கள், எந்தக் குழி, எப்போதிருந்து பழுது என்பவற்றைத் தெளிவாக எழுதி, தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரே கடிதத்தின் பிரதிகளைக் கொடுத்து, ஒரு பிரதியைக் கைவசம் வைத்துக்கொள்ளுதல் நன்று. எழுதத் தெரிந்த மாணவர் ஒருவர் லயத்துக்குச் செய்யக்கூடிய சிறந்த தொண்டு இது.

வாரம் ஒருமுறை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்மணி நேரம் ஒதுக்கினால் போதும். நீர்ப்பெட்டியின் மூடியைத் திறந்து கசிவு உண்டா என்று பாருங்கள். ஊற்றுவாயிலுள்ள வலையில் சேர்ந்த இலைகளை அகற்றுங்கள். குழியின் மேற்புறத்துக் கானைத் துப்புரவாக்குங்கள். ஊருக்குச் சென்று சிலநாள் வீடு பூட்டியிருந்தால், திரும்பியதும் ஒரு செம்பு நீரைக் கோப்பையில் ஊற்றுங்கள். வற்றிப்போன காவல் நீர் மீண்டும் நிரம்பும். இவ்வேலைகளில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற பேதமின்றி வீட்டிலுள்ள சிறுவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம், சைபன், மிதவை என்று விஞ்ஞானப் பாடநூலில் படிப்பவை தங்கள் வீட்டு மூலையிலேயே இயங்குவதை அவர்கள் கண்ணாரக் காண்பார்கள்.

சுத்தம் சோறு போடும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். சோற்றைப் பகிர்ந்துண்ணும் வீட்டில், சுத்தத்தின் பாரத்தையும் பகிர்ந்துகொள்வதே நியாயம்.